நான் நிரப்பிய கட்டங்கள்

அன்பு மகனுக்கு,

போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு முறை உன் எண்ணை அழுத்தவும் செய்தேன். முதல் முறை நீ எடுக்கவில்லை. இரண்டாம் முறை யார்டில் இருந்தாய். பின்னால் கண்டெய்னர் இறக்கும் சத்தம். “இன்னா நைனா, சீக்கிரம் சொல்லு” என்றாய். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேச்சில் நான் பாதியிலேயே நழுவிவிடுகிறவன். எழுத்தில் நழுவுவது கொஞ்சம் கடினம், எண் போட்டு எழுதினால் இன்னும் கடினம். அதனால் சொல்லப்போவதை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எதையாவது நான் விட்டுவிட்டால் எண்ணைச் சொல்லிக் கேள்.

1. சென்ற ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டத்துக்குப் போகாதே என்று நான் சொன்னதன் உண்மையான காரணம்.

2. கம்பெனியில் நான் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம்.

3. அந்தப் பழக்கத்தால் உன் அம்மாவுக்கும் நம் தெருக்காரர்களுக்கும் நான் செய்தது.

4. அதை இனிச் சரிசெய்ய முடியாது என்பது. நோட்டுகளில் எந்தக் கட்டம் அவர்களுடையது, எந்தக் கட்டம் என்னுடையது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

5. நீ சனிக்கிழமை போக வேண்டும் என்பதும், போனால் என்ன செய்யலாம் என்பதும்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். ஞாயிறு மதியம் நீ வள்ளூரிலிருந்து வந்திருந்தாய். அம்மா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் நீ அந்தச் செய்தியைச் சொன்னாய். பாப்பாவின் வீசிங்குக்கு நீ காட்டுகிற டாக்டரம்மா, கடலோரப் பிள்ளைகளின் மூச்சுத் தொல்லை பற்றி ஒரு புதிய ஆய்வு தொடங்கப் போகிறார் என்றும், அதற்காகப் பெற்றோர் சிலரையும் நோயாளிகள் சிலரையும் அடுத்த வாரச் சனிக்கிழமை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்றும் சொன்னாய். “கேள்வியெல்லாம் எழுதி முடிச்சிட்டு கையெழுத்து வாங்க கூப்புடல நைனா. எழுதறதுக்கு முன்னாடியே கூப்புடறாங்க. எத்த கண்டுபுடிக்கணும்னு நம்மளயே கேக்கறாங்களாம்” என்றாய். பாப்பாவுக்கு முகமூடி வைத்து மருந்து ஏற்றக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து உன் முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அப்போது இருந்தது. அதற்கப்புறம்தான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். “பழைய ஆய்வு நோட்டெல்லாம் பத்தரமா வச்சிகினு கீறாங்களாம். எர்ணாவூர் நோட்டுதான் இருக்கறதுலயே சுத்தமா கீதாம். அத்த வச்சிதான் ஆரம்பிக்கப் போறாங்க. எங்க நைனாதான் அத்த பாத்துக்கினாருன்னு சொன்னேன், டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோசம்.”

நான் உடனே, “அதெல்லாம் படிச்சவங்க வேலைடா. நீ போய் வாயைக் கொடுத்து மாட்டிக்காத. ஷிப்டு வேற போயிடும்” என்றேன். நீ என்னையே பார்த்தாய். “நீ படிச்சவன்தான நைனா? நீயே இப்டி சொன்னா எப்டி?” என்று கேட்டுவிட்டு, தட்டில் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போனாய். நான் சொன்ன மூன்று காரணங்களும் பொய். அந்த நோட்டுகளை யாரும் மறுபடி திறக்கக் கூடாது என்பதுதான் என் ஒரே எண்ணமாக இருந்தது. உன் குழந்தைக்கு உதவக்கூடிய ஒரு காரியத்தை என் பெயர் கெட்டுவிடும் என்பதற்காகத் தடுக்கப் பார்த்தேன். எண் ஒன்று இதுதான்.

இரண்டாவது, பழக்கம். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் மணலிப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து வருவார்கள். அதைச் சோதித்து லாக் ஷீட்டில் ஒரு கட்டத்துக்குள் எண்ணை எழுத வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நான்கு கட்டங்கள். மழை பெய்தாலோ, ஏணியில் ஏற ஆள் இல்லாவிட்டாலோ மாதிரி வராது. சேர்ந்த புதிதில் அப்படி ஒருநாள் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஷிப்டு இன்சார்ஜ் அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்து, “இன்னாப்பா இது, பல்லு போன வாயாட்டம்? எம்.எஸ்சி. படிச்சிட்டு வந்து ஓட்ட போட்டு வச்சிகிறியே?” என்றார். சாம்பிள் வரவில்லை என்றேன். “வரலன்னா இன்னா? மேல இன்னா நம்பரு, கீழ இன்னா நம்பரு? நடுவுல ஒண்ணு போடு. தொட்டி எங்க ஓடிப்போச்சு?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு எண்ணை எழுதினேன்.

முதல் முறை வெட்கமாக இருந்தது. பத்தாவது முறை வெட்கம் இல்லை. சில வருடங்களில் அதை நன்றாகச் செய்கிறேன் என்ற பெருமையே வந்துவிட்டது. சரியாக நடுவிலிருக்கும் எண்ணைப் போட்டால் சந்தேகம் வரும். ஒரு புள்ளி மேலோ கீழோ தள்ளிப் போட வேண்டும், அப்போதுதான் இயல்பாக இருக்கும். நான் ஓய்வுபெற்ற அன்று நடந்த கூட்டத்தில், இவர் எழுதிய ஷீட்டில் ஒரு காலிக் கட்டம்கூட இருந்ததில்லை என்று சொல்லிக் கைதட்டினார்கள். நீ கூட வந்திருந்தாய். முன் வரிசையில் உட்கார்ந்து நீயும் கைதட்டினாய்.

மூன்றாவதுதான் எழுதக் கடினமானது. இதற்காகத்தான் இரண்டை இவ்வளவு நீட்டினேன் போலிருக்கிறது. கொரோனாவுக்கு முன்பு நம் தெருவுக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. நீ அப்போது வேலைக்காக மங்களூர் துறைமுகத்தில் இருந்தாய். மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களுக்கு ஆளுக்கொரு நோட்டும், பிளாஸ்டிக்கில் ஒரு ஊதும் கருவியும் கொடுத்தார்கள். காலை எட்டு மணிக்கு மூன்று முறை ஊதி, கருவியின் முள் அதிகமாக எங்கே போகிறதோ அந்த எண்ணை அன்றைய கட்டத்தில் எழுத வேண்டும். மூன்று மாதம், தொண்ணூறு கட்டங்கள். நம் தெருவில் பதினோரு பேர். உன் அம்மாவும் கீழ்வீட்டு மேரியும் அதில் உண்டு. மேரியை உனக்குத் தெரியும், காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றவள். படித்தவர், வீட்டிலேயே இருப்பவர், நிதானமானவர் என்று என்னைத் தெருப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஞாயிறுதோறும் நோட்டுகளை வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. நோட்டின் உள் அட்டையில், ஊத முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணத்தைக் கீழே எழுதவும் என்று அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, அந்த வரிக்கு அடிக்கோடு போட்டவனே நான்தான்.

முதல் ஞாயிறு மேரியின் நோட்டில் இரண்டு கட்டங்கள் காலி. “என்ன மேரி, புதன் வியாழன் ரெண்டும் எழுதலையே?” என்று கேட்டேன்.

“ஊத முடில சார்.”

“ஏன், நேரம் இல்லையா?”

“இன்னா சார் நீ? ஊதறதுக்குக் காத்து வோணாமா? காத்தே இல்லாம கெடந்தேன், எங்கேருந்து ஊதறது?”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், சிரிப்பே இருமலாக முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொன்னபடியே கீழே எழுதியிருந்தேன் என்றால், அந்த ஆய்வுக்கு அதைவிடப் பெரிய உதவியை நான் செய்திருக்க முடியாது. காலிக் கட்டம்தான் அவர்களுடைய மிக மோசமான நாள். அதை அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் போனதும் செவ்வாய்க்கிழமை எண்ணையும் வெள்ளிக்கிழமை எண்ணையும் பார்த்து, நடுவில் இரண்டு எண்களைப் போட்டேன். ஒன்றைக் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டேன்.

ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது: ஆய்வில் இருப்பவர்களுக்கு இன்ஹேலர் இலவசம், மாதம் ஒருமுறை பரிசோதனை உண்டு. நோட்டில் ஓட்டை இருந்தால் ஆளை நீக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை. நீக்குவீர்களா என்று நான் கேட்கவும் இல்லை. ஒரு கேள்வி கேட்பதைவிட ஒரு பொய்யை எழுதுவது எனக்கு எளிதாக இருந்தது. பயம் முதல் இரண்டு வாரங்களுக்குத்தான். அதற்கப்புறம் செய்ததெல்லாம் கை தானாகச் செய்தது. உன் அம்மாவின் நோட்டிலும் அப்படித்தான். சில நாள் காலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “இன்னிக்கு முடிலங்க, நாளிக்கு ஊதறேன்” என்பாள். “பரவாயில்லை, நான் பாத்துக்கிறேன்” என்பேன். இவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் நம்பினாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை எல்லோரையும் சமூகக் கூடத்துக்கு அழைத்து, ஆறு நிமிடம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளப்பார்கள். தரை சமதளம், மின்விசிறி வேறு. எல்லோரும் நன்றாகவே நடந்தார்கள். மேரி வெளியே வந்து என்னிடம், “கைய வீசிக்கினு நடக்கச் சொன்னா நாங்க மெரினா வரைக்கும் நடப்போம் சார். குடத்த இடுப்புல வச்சி ரெண்டாவது மாடி ஏறச் சொல்லு, அப்பத் தெரியும் எங்க சேதி” என்றாள். உன் அம்மா, “ஆமாங்க, எட்டு மணிக்கு ஊதறதும் அப்டித்தான். மணலிப் பக்கத்துலேந்து மேல்காத்து அடிக்கற நேரத்துல, கொடியில துணி கருப்பா பொரி பொரியா ஆவுதே, விடியகாலைல, அப்பதான் நெஞ்ச அடைக்குது. எட்டு மணிக்கு மருந்தடிச்சி உக்காந்துட்டு இருப்பேன்” என்றாள். என்ன அளக்க வேண்டும், எப்போது அளக்க வேண்டும் என்ற இரண்டையும் இரண்டு பெண்கள் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் வகுத்து வைத்த முறையில் இல்லையே என்று நான் பதில் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பங்கேற்பவர் கருத்து என்று அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். பதினோரு நோட்டிலும் நான் காலியாக விட்டது அந்த அரைப் பக்கத்தை மட்டும்தான்.

முடிவைச் சொல்ல அப்போதிருந்த டாக்டர் தெருவுக்கே வந்தார். நல்ல மனிதர். எர்ணாவூரில் மூச்சின் அளவு பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். சீராக இல்லாமல் எப்படி இருக்கும்? சீராக்கியவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சால்வை போட்டார்கள். மேரி எழுந்து நின்றாள். “அப்போ எனுக்கு இரைக்கிறது பொய்யா டாக்டரு?” என்று கேட்டாள். அவர் தயங்கி, “பொய்னு சொல்லலம்மா. நோட்டுல அப்படித்தான் இருக்கு” என்றார். எழுந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அப்போது முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழு அடுத்ததாக வேறு பகுதிக்குப் போனது. மாதப் பரிசோதனை நின்றது.

அதற்கடுத்த வருடம் நடந்தது உனக்குத் தெரியும், அதன் பாதி மட்டும் தெரியும். ஒரு மத்தியானம் தண்ணீர் லாரி வந்தபோது அம்மா இரண்டாவது குடத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள், உதடெல்லாம் நீலமாக. நீ அந்த வாரம்தான் ஊர் திரும்பியிருந்தாய். நீதான் அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாய். ஆஸ்பத்திரி வராந்தாவில், “இவ்ளோ நாளா ஏம்மா சொல்லல?” என்று கத்தினாய். ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தி அவள், “சோதிச்சிப் பாத்தாங்களேடா, ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களே. எனுக்குத்தான் மனப்பிராந்தின்னு நெனச்சிக்கினேன்” என்றாள். ஆய்வு என்று வந்தவர்களையெல்லாம் நீ அன்று திட்டித் தீர்த்தாய். நான் உன் தோளைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உன் கோபத்தை அவர்கள் மேலேயே இருக்க விட்டேன். அம்மாவுக்கு நான் செய்ததைவிட, அந்த வராந்தாவில் உனக்குச் செய்ததுதான் பெரிய துரோகமோ என்று சில நாள் தோன்றுகிறது. எது பெரியது என்று எனக்கு நிறுத்துப் பார்க்கத் தெரியவில்லை.

நான்காவது சுருக்கமானது. புதிய ஆய்வு அந்த நோட்டுகளிலிருந்து தொடங்கினால், இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்ற இடத்திலிருந்து தொடங்கும். பாப்பாவின் இரைப்புக்குக் காரணத்தை உன் வீட்டுத் தலையணையிலும் பூனையிலும் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் நான் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். எல்லாம் ஒரே பேனா, எழுத்துக்கூடப் பெரும்பாலும் என்னுடையதுதான், ஏனென்றால் அவர்கள் எண்ணைச் சொல்லச் சொல்ல நான்தான் பல நாள் எழுதிக் கொடுத்தேன். அவர்களே எழுதிய நாட்களுக்கு நடுவில் அவர்கள் எழுத்தைப் போலவே போட்டேன். நிரப்பியதை அவ்வளவு கவனமாக நிரப்பியிருக்கிறேன். நோட்டுகளின் நகல் என்னிடம் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. ஆகவே பதினோரு நோட்டையும் மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள் என்றுதான் சொல்ல முடியும். இரைப்போடு எழுந்து உட்கார்ந்து அவர்கள் உண்மையாக ஊதிய காலைகளும் என் பொய்யோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்தாவது. நீ போ. நான் சொன்னதை மற. போனால் முதலில், எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டதா, நாங்கள் சொன்னால் எது மாறும் என்று கேட்டுவிடு. எதுவும் மாறாது என்றால் அது மரியாதைக்குக் கூப்பிட்ட கூட்டம். டீ குடித்துவிட்டு அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டு வா. மாறும் என்றால் உட்கார். புரியாத சொல் வந்தால் உடனே நிறுத்தச் சொல். எனக்கு எல்லாச் சொல்லும் புரிந்தது, யாருக்கும் ஒரு பலனும் இல்லை. நோட்டோ கருவியோ செல்போனில் நிரப்புகிற படிவமோ எதைக் கொடுப்பதாக இருந்தாலும், இரண்டு மூன்று வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேள். குழந்தை ஊத முடியாமல் கிடக்கிற நாளுக்கு, இன்று முடியவில்லை என்று மற்ற கட்டங்கள் அளவுக்கே பெரிதாக ஒரு கட்டம் வேண்டும் என்று கேள். அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் என்னைப் போன்ற கோழைக்குக்கூட அதில் ஒரு கோடு போடத் தைரியம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதுவும் ஒரு சாக்காக இருக்கலாம்.

தெருவுக்கு ஒரு பெரிய மனிதரைப் பிடித்து அவர் வழியாகக் கேட்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதே. நீயும் எல்லோருக்காகவும் பேசிவிடாதே. பாப்பாவுக்கு முகமூடி வைப்பது பாதி நாள் உன் மனைவிதான். அவள் கவனித்தது உனக்குத் தெரியாது. கூட்டம் அவளுக்கு வரமுடிந்த நேரத்தில் வைக்கப்படுகிறதா என்று பார். முடிவை அச்சடிப்பதற்கு முன்னால் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள், எங்கள் வாழ்க்கையோடு ஒத்துப்போகிறதா என்று நாங்கள் சொல்கிறோம் என்று கேள். மேரி கேட்ட கேள்வி சால்வை போடுவதற்கு முன்னால் கேட்கப்பட்டிருந்தால், அந்த டாக்டர் நோட்டுகளை மறுபடி பிரித்துப் பார்த்திருப்பார். அதே சமயம் நோயாளி சொல்வதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்லவில்லை. உன் அம்மா பல வருடம் தைலம் போட்டு ஆவி பிடித்தால் நெஞ்சு சரியாகிவிடும் என்று மருந்தையே தள்ளிப்போட்டாள். அவர்களுக்குத் தெரிந்தது ஒன்று, டாக்டருக்குத் தெரிந்தது இன்னொன்று. இரண்டும் ஒரே மேஜைக்கு வர வேண்டும். நடுவில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து திருத்தக் கூடாது. உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வந்தால் வரட்டும். நான் கோபப்படாமலே இவ்வளவையும் செய்தேன்.

இத்துடன் முடித்து இன்று காலை தபாலில் போட இருந்தேன். உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, “நாலு நாளா இன்னா எழுதிக்கினே கீறீங்க? உயிலா?” என்று கேட்டாள். ஏதோ ஒரு வேகத்தில், கேள் என்று சொல்லி முதலிலிருந்து படித்தேன். மூன்றாவது வந்ததும் அவள் கை நின்றது. வராந்தாவைப் பற்றிப் படிக்க என்னால் முடியவில்லை, இரண்டு முறை நிறுத்தினேன். அவள் கத்தவில்லை. “நீங்க எழுதறது தெரியும். பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்தேன். அதான் மொற போலன்னு நெனச்சேன்” என்றாள். பிறகு, “அந்த ஒரு வருசம் என் நெஞ்ச நானே நம்பல. தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள். தாளை மடித்துக் கீழே வைத்தேன். அவள் மறுபடி பூண்டை எடுத்து, “மீதியப் படிங்க” என்றாள்.

நான்காவதைப் படித்தேன். “யார் சொன்னா?” என்றாள்.

“என்ன யார் சொன்னா?”

“பிரிச்சி சொல்ல முடியாதுன்னு. எடுங்க அந்த நோட்ட.”

நகலை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதிகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக வந்தாள். “இது மாசி மகம். தெருவே கடலுக்குப் போச்சு, நான் மட்டும் வூட்ல கெடந்தேன். இது உங்க நம்பரு. இந்தாண்ட நாளு மேரி பையனுக்கு முழுப் பரிட்ச. அவளுக்கு முடிலன்னு நான்தான் அவனுக்கு நாஷ்டா செஞ்சி குடுத்தேன். இது என்னுது. அவ நோட்டுல அன்னிக்கு இருந்தா அது உங்களுது. இந்த நாலும் நான் ஊதுனது கெடையாது, உங்க வெள்ள சட்டைல கருப்புப் பொரி படிஞ்சி ரெண்டு வாட்டி தொவச்ச வாரம்.” நான் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். சில கட்டங்களில் விரலை வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, தெரியவில்லை என்றாள். “பக்கத்து நாட்களை வைத்துப் பார்த்தால்...” என்று நான் ஆரம்பித்தேன். அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். “தெரிலன்னா தெரிலன்னு போடுங்க” என்றாள். கேள்விக்குறி போட்டேன்.

பிறகு அவளே மேரிக்குப் போன் போட்டாள். மேரி இப்போது புழலில் மகள் வீட்டில் இருக்கிறாள். அம்மா விஷயத்தை எந்தப் பூச்சும் இல்லாமல் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. “நான் ஊதாத நாளு எனுக்குத் தெரியாதாக்கா? ஏவாரத்துக்குப் போவாத நாளு அதெல்லாம். போவாத நாள யாரு மறப்பா? ஒண்ணு ஒண்ணா சொல்றேன், எழுதிக்க” என்றாள் மேரி. அப்புறம், “சாரு பக்கத்துல கீறாரா?” என்று கேட்டாள். இருக்கிறேன் மேரி என்றேன்.

“அன்னிக்கு மீட்டிங்குல நான் டாக்டர கேட்டேனே, நீ கேட்டுக்கினுதான சார் இருந்த?”

“ஆமா மேரி.”

“பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ. செரி, சனிக்கெழம நானும் வரேன். நீயும் வா. நான் பேசறப்ப இந்த வாட்டி தரையப் பாக்காத.”

ஆகவே சனிக்கிழமை நீ மட்டும் போக வேண்டாம். அம்மா வருகிறாள், மேரி வருகிறாள், மற்ற ஒன்பது பேரில் எத்தனை பேரைப் பிடிக்க முடியும் என்று அம்மா இப்போதே படியிறங்கிப் போயிருக்கிறாள். நான் நகல்களோடு வருகிறேன். நான் செய்ததை நானே சொல்கிறேன், திக்கினால் நீ எடுத்துக் கொடுக்காதே. இவர்கள் நினைவை டாக்டரம்மா எந்த அளவுக்கு ஏற்பார் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கட்டங்களை நம்பக் கூடாது என்றாவது அவருக்குத் தெரியும்.

நான்காவதில், இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. என்னால் முடியாது என்று எழுதியிருக்க வேண்டும்.

உன் அப்பா